கட்சியும் சங்கமும்: ஏலமலை உணர்த்தும் அரசியற் பாடம்

அரசாங்கம் என்பது யாது? சட்டசபைக் கட்டடமும், மந்திரிகளின் ஆசனங்களும், உத்தரவுகளில் இடப்படும் முத்திரையுமே அரசாங்கம் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். இவையெல்லாம் தேரின் புறத்தோற்றமே. தேரை நகர்த்துவது வடம். வடத்தை இழுப்பவர் மக்கள். குடியாட்சி நடைபெறும் தேசம் எதுவாயினும் அங்கே இரண்டு வடங்கள் காணப்படும். ஒன்று கட்சி, மற்றொன்று சங்கம். தேர்தலில் நின்று ஆட்சியைக் கைக்கொள்ள முயல்வது கட்சி. ஆட்சி யார் கையிலிருப்பினும் தன்னைச் சேர்ந்தோரின் நலத்தைக் கேட்டுப் பெற முயல்வது சங்கம். தோட்ட முதலாளிகளின் சங்கம், தொழிலாளர் சங்கம், வணிகர் சங்கம், நம்முடையது போன்ற சாதிச் சங்கம் யாவும் இரண்டாம் வகையின. இவ்விரண்டும் சேர்ந்து இழுக்கும்போது தேர் எவ்வாறு ஓடிற்று, ஒன்று தளர்ந்தபோது எங்கே நின்றது என்பதை நம் போடிநாயக்கனூருக்கு மேற்கே நிற்கும் ஏலமலையின் வரலாற்றைக்கொண்டே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதற்கண் அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சற்று நோக்குவோம். இத்துறையில் நெடுங்கால அனுபவம் உடையோர் அந்நாட்டார். 1787-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியல் அமைப்பு இயற்றப்பட்டபோது, ஜேம்ஸ் மாடிசன் என்னும் அறிஞர், சொத்தும் தொழிலும் வேறுபட்டிருக்கும் வரையில் மக்கள் பற்பல கூட்டத்தாராகப் பிரிவது இயற்கை என்றும், அக்கூட்டங்களை ஒழிக்க முற்பட்டால் சுதந்திரமே ஒழியும் என்றும், பரந்த நாட்டில் பல கூட்டங்கள் ஒன்றையொன்று தடுத்து நிற்குமாறு செய்வதே தக்க வழி என்றும் எழுதினார். முதல் தலைவராகிய வாஷிங்டன், 1796-இல் விடைபெறுங்கால், கட்சி வெறியால் நேரும் கேடுகளைக் குறித்துத் தம் நாட்டாரை எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையையும் மீறிக் கட்சிகள் வளர்ந்தன, சங்கங்களும் வளர்ந்தன. 1893-இல் ஓஹையோ மாகாணத்தில் தோன்றிய மதுக்கடை ஒழிப்புச் சங்கம் தனிக் கட்சியாக மாறவில்லை. மதுவிலக்கை ஆதரிக்கும் அபேட்சகர் எக்கட்சியினராயினும் அவருக்கே வாக்கு என்னும் ஒரே கொள்கையைக் கைக்கொண்டு, 1919-இல் தேசம் முழுவதுக்கும் மதுவிலக்குச் சட்டத் திருத்தத்தைப் பெற்றது. பொதுமக்கள் மனம் மாறவே 1933-இல் அத்திருத்தம் நீக்கவும் பட்டது. குடியானவர்களின் கட்சியாக எழுந்த மக்கள் கட்சியோ 1892 தேர்தலில் தலைவர் பதவியைப் பெறாது தோற்றுச் சில ஆண்டுகளில் மறைந்தது. எனினும் அது கேட்ட வருமான வரியும், மேற்சபையினரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கும் முறையும் 1913-இல் அரசியல் அமைப்பிலேயே இடம் பெற்றன. சிறு கட்சி அழிந்தும் அதன் கோரிக்கை வாழ்ந்தது. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியில், கட்சிகள் வலுப்பெறுதற்கு முன்னரே சங்கங்கள் வலுப்பெற்றன. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் 1893-இல் ஐக்கிய சங்கம் ஒன்றை நிறுவினர். 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டசபையில் தோட்டக்காரருக்கெனத் தனியாக ஓர் ஆசனம் ஒதுக்கப்பட்டது. மலையில் கொழுந்து கிள்ளிய பல்லாயிரவருக்கோ அச்சபையில் வாக்கும் இல்லை, வாயும் இல்லை. 1910-இல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கம் விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பம் செய்து, 1921 குடிக்கணக்கின் காலத்தில் தம் குலத்தாரின் பெயரை அரசாங்கம் தாம் வேண்டியவாறே எழுதும்படி செய்தது. 1916-இல் தோன்றிய தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பெயரால் சங்கமாயினும் செயலால் கட்சி. ஜஸ்டிஸ் கட்சி என்று வழங்கப்பெற்ற அது 1920-இல் மந்திரிசபை அமைத்து, மறு ஆண்டிலேயே வகுப்புவாரி உத்தரவைப் பிறப்பித்தது. மலைக்கு அப்பால் திருவாங்கூரிலும் இதே நிலைமைதான். 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமும், 1907-இல் அய்யன்காளியின் சாது ஜன பரிபாலன சங்கமும், 1914-இல் நாயர் சேவா சங்கமும் அடுத்தடுத்துத் தோன்றின. 1932-ஆம் ஆண்டுச் சட்டசபைச் சீர்திருத்தத்தில் தங்களுக்கு உரிய பங்கு இல்லையெனக் கண்ட ஈழவரும், கிறிஸ்தவரும், முஸ்லிம்களும் ஒன்றுகூடி, தேர்தலினின்று விலகி நிற்கும் நிவர்த்தனக் கிளர்ச்சியை நடத்தினர். விளைவாக, உத்தியோக நியமனங்களை ஒழுங்குபடுத்தத் தனி அதிகாரி நியமிக்கப்பட்டார். தேர்தல் ஏற்பாடும் திருத்தப்பட்டது. மூன்று கூட்டத்தார் தத்தம் கதவை அடைத்துக்கொண்டிருந்த வரையில் கிட்டாதது, மூவரும் ஒரே வாசலில் நின்றபோது கிட்டிற்று.

இனி ஏலமலையைக் காண்போம். போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் மேற்கே விரிந்து கிடக்கும் மலைநாடு திருவாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஆயினும் அதன் வாயில் கிழக்கே, நம் பக்கமே திறந்திருந்தது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைப் பெற்றார். 1897-இல் அங்கே பெருங்கம்பெனி அமைந்தது. மூணாற்றுத் தேயிலை மலையுச்சி நிலையம் வரையில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தின் வழியே குரங்கணிக்கு அருகில் இறங்கி, வண்டிகளில் போடிக்கு வந்து சேர்ந்தது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததும் மலைச்சரக்கை உத்தேசித்தே. தேயிலை கீழே இறங்கிய வழியிலேயே அரிசியும் உப்பும் துணியும் மேலே ஏறின. அவற்றோடு மனிதரும் ஏறினர். கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து சென்ற ஏழைத் தமிழர் லயங்களில் குடியேறினர். அவர்களுடைய உழைப்பு மலையில்; குலதெய்வமோ சமவெளியில். குடியிருந்த அறை கம்பெனிக்குச் சொந்தம். நின்ற நிலம் மன்னருக்கோ முதலாளிக்கோ சொந்தம். இந்நிலைமையே பின்னர் ஒரு பெரிய வழக்கின் தீர்ப்பை நிருணயித்தது.

திருவாங்கூரின் தென்கோடியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களிலும், கிழக்கே செங்கோட்டையிலும், மலைமேல் தேவிகுளம், பீருமேட்டிலும் தமிழர் மிகுதியாக வாழ்ந்தனர். இவர்களின் உரிமைக்காக 1945-இன் இறுதியில் நாகர்கோவிலில் தொடங்கிய ஸ்தாபனம், 1946-இல் திருவாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. வழக்கறிஞர் நேசமணி 1947-இல் இதிற் சேர்ந்து தலைமை தாங்கினார். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் நாடார் பெருமக்களே இக்கட்சியின் முதுகெலும்பாக விளங்கினர் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆயின் ஒரு குலத்தாரின் கட்சி என்னும் பெயரோடு நின்றிருப்பின் அது எல்லையை மாற்றியிராது. நாஞ்சில் நாட்டுப் பிற வகுப்பாரும், அப்துல் ரசாக் போன்ற முஸ்லிம் தலைவரும் அதனுள் வந்தனர். மொழி என்னும் பொதுக்கொடியின்கீழ் சங்கம் கட்சியாயிற்று.

1948-இல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்து நடத்தப்பெற்ற திருவாங்கூர்த் தேர்தலில் இக்கட்சி பதினான்கு ஆசனங்களைப் பெற்றது. அப்போது பெரும்பான்மை ஸ்டேட் காங்கிரஸிடம் இருந்தபடியால் இவர்களின் குரல் சபையில் ஒலித்ததேயன்றிச் சபையை அசைக்கவில்லை. 1949-இல் திருவாங்கூரும் கொச்சியும் ஒரே இராச்சியமாயின. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் காலம் கனிந்தது. 108 உறுப்பினர் கொண்ட சபையில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 44 ஆசனங்களே. தமிழ்நாடு காங்கிரஸுக்கு எட்டு. ஏ. ஜே. ஜான் அமைத்த மந்திரிசபைக்கு இவ்வெட்டுப்பேரின் ஆதரவு தேவைப்பட்டது. இவர்களில் சிதம்பரநாதன் மந்திரியாகவும் ஆனார். எண்ணிக்கையிற் சிறியோர் தராசின் முள்ளாக நிற்கும்போது அவர்களின் மதிப்பு எத்தகையது என்பதற்கு இதுவே சான்று. பின்னர், தமிழர் கோரிக்கைகள் கைகூடா என்று கண்டு அவர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டனர். 1953 செப்டம்பரில் மந்திரிசபை வீழ்ந்தது.

1954 தேர்தலில் 117 ஆசனங்களுள் காங்கிரஸுக்கு 45, கம்யூனிஸ்டுகளுக்கு 23, பிரஜா சோஷலிஸ்டுகளுக்கு 19, தமிழ்நாடு காங்கிரஸுக்கு 12. மலைநாட்டிலும் இக்கட்சியின் அபேட்சகர் வென்றனர். பத்தொன்பதே பேரைக்கொண்ட பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை, காங்கிரஸின் ஆதரவோடு முதன்மந்திரியானார். அவ்வாண்டு ஜூலையில் மூணாற்றில் தடையுத்தரவை மீறி நேசமணியும் தோழர்களும் சிறைப்பட்டனர். ஆகஸ்டு 11-ஆம் தேதி தெற்குத் தாலுகாக்களில் நடந்த விடுதலை நாள் கிளர்ச்சியில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் சுட்டதால் உயிர்கள் பல மாண்டன. அந்தத் துப்பாக்கியொலி வடநாடு வரையில் கேட்டது. பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியின் பொதுக் காரியதரிசி ராம் மனோகர் லோகியா, மக்களைச் சுட்ட மந்திரிசபை பதவி விலகவேண்டுமென்று தம் கட்சியின் முதன்மந்திரியையே வற்புறுத்தினார். பட்டம் இணங்கவில்லை. இவ்வழக்கு வளர்ந்து அக்கட்சியையே பிளந்தது. லோகியா தனிக் கட்சி கண்டார். குமரிக்கோடியில் பன்னிரண்டு ஆசனம் பெற்ற ஒரு சிறு கட்சியின் கிளர்ச்சி, பாரத தேசம் முழுவதும் பரவியிருந்த ஒரு கட்சியின் போக்கையே மாற்றிற்று. 1955 பிப்ரவரியில் பட்டத்தின் மந்திரிசபையும் வீழ்ந்தது.

இதற்கிடையே, 1953 டிசம்பரில் மத்திய சர்க்கார் இராச்சியச் சீரமைப்பு ஆணைக்குழுவை அமைத்திருந்தது. பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகிய மூவரும் 1955 செப்டம்பரில் அறிக்கை அளித்தனர். தெற்கு நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை இராச்சியத்தைச் சேரலாம் என்றனர். தேவிகுளமும் பீருமேடும் சேரா என்றனர். 1956 நவம்பர் 1-இல் எல்லை அவ்வாறே பெரும்பாலும் அமைந்தது. செங்கோட்டையில் ஒரு பகுதி மட்டும் கிடைத்தது. கன்னியாகுமரி ஜில்லா பிறந்தது. ஏலமலை கேரளத்தில் நின்றது.

ஏன் இவ்வாறாயிற்று? பணிக்கர் மலையாளியானதால் என்று கூறுவாருளர். அதே பணிக்கர் கையொப்பமிட்ட அறிக்கையே நாஞ்சில் நாட்டை நமக்கு அளித்ததாகலின், அவ்வாதம் முழுதும் நிற்பதாகத் தோன்றவில்லை. சென்னைத் தலைவர்கள் போதிய அளவு வாதாடவில்லை என்பார் பிறர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயின் ஆணைக்குழு கூறிய காரணத்தையே நாம் கூர்ந்து நோக்கவேண்டும். மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் தோட்ட வேலையின் பொருட்டு வந்து போகும் கூட்டத்தார் என்றும், மலைவளம் திருவாங்கூர்-கொச்சியின் பொருளாதாரத்துக்கு இன்றியமையாதது என்றும் அக்குழு கருதிற்று. தலைமுறை தலைமுறையாக அம்மலையிற் பிறந்து, அங்கேயே மண்ணானவர்கள் வந்து போவோர் ஆயினர்! எதனால்? நாஞ்சில் நாட்டுத் தமிழனுக்கு நிலம் இருந்தது, வரி ரசீது இருந்தது, கோயிலும் பள்ளிக்கூடமும் சங்கமும் இருந்தன. விண்ணப்பம் எழுத வக்கீல் இருந்தார். மலைத் தமிழனுக்கு லயத்து அறையும் கூலிச்சீட்டுமே இருந்தன. கட்சிக்கு அங்கே வாக்குகள் கிடைத்தன, வேர்கள் இல்லை. முதலாளிக்குச் சங்கம் இருந்த இடத்தில், தொழிலாளிக்குத் தன் நிலையை ஆண்டுதோறும் எழுதிவைக்கும் சங்கம் நெடுங்காலம் இருந்ததில்லை. எண்ணிக்கை பெரிதாயினும், ஏட்டிற் பதியாத எண்ணிக்கை வழக்குமன்றத்தில் நிற்காது.

எதிர்த்தரப்பினரோ இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பட்டத்தின் ஆட்சிக் காலத்திலேயே மலைநாட்டுக் குடியேற்றத் திட்டம் வகுக்கப்பட்டு, கீழ்நாட்டிலிருந்து வந்த மலையாளக் குடும்பங்களுக்கு ஐந்து ஏக்கர் வீதம் நிலம் அளிக்கப்பட்டது. கல்லாற்றில் அமைந்த குடியிருப்பு இன்றும் பட்டம் காலனி என்றே வழங்குகிறது. அவர்களும் பஞ்சத்தால் நிலம் தேடி வந்த ஏழைக் குடியானவரேயாதலின், அவர்கள்மேல் நமக்குக் காழ்ப்பு வேண்டா. ஓர் அரசாங்கம் தன் வழக்கை மண்ணில் எழுதிக்கொள்ளும் விதத்தை மட்டும் கவனிக்க. தமிழ்நாடு காங்கிரஸும் தன் கடமை முடிந்ததென 1957-இல் காங்கிரஸில் கலந்தது. அமெரிக்காவின் மக்கள் கட்சியைப்போல அதுவும் மறைந்தது. அது கேட்டவற்றுட் பெரும்பகுதி நிலைத்தது.

மலைத் தமிழரின் பிற்கால வரலாறும் சுருங்கக் கூறத்தக்கது. 1957-இல் 126 ஆசனங்களுள் 60 பெற்றுச் சுயேச்சையினர் ஐவரின் துணையால் கேரளத்தில் கம்யூனிஸ்டு மந்திரிசபை அமைந்தது. அத்தகைய நிலையில் ஓர் ஆசனமும் பொன்னாகும். ஆதலின் 1958-இல் தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தலுக்கு, நம் பண்ணைபுரத்துப் பாவலர் வரதராசன் பாட்டுக் கச்சேரியோடு மலையேறினார். ரோசம்மா புன்னூஸ் வென்றார். லயத்துத் தமிழனின் வாக்கைத் தேடிக் கட்சிகள் தமிழிலேயே பாடிவரத் தொடங்கின. தொழிற்சங்கங்களும் கட்சிக்கு ஒன்றாகப் பெருகின. ஆயினும் சங்கம் கட்சிக்கு வாலாகிவிட்டால் யாது நேரும் என்பதை 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் காட்டினர். கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதியில் அமர்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களை அண்டவிடாது, பெண்கள் ஒற்றுமை என்னும் பெயரோடு இருபது சதவிகிதப் போனஸ் கேட்டுப் பெற்றனர். அவ்வாண்டே உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களையும் பிடித்தனர். பின்னர்ப் பிணக்குற்றுத் தளர்ந்தனர். ஒன்பது நாட்களில் எழுந்த வேகத்துக்கு, ஒன்பது ஆண்டு நடத்தும் அமைப்புத் துணைநிற்கவில்லை.

நிற்க. நம் பொட்டிபுரத்தையே காண்போமாக. அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் கூடம் அமைக்க, 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை ஏறக்குறைய 1,500 கோடி ரூபாய் திட்டத்துக்கு இசைவளித்தது. நீலகிரியின் சிங்காரா 2009-இல் வேண்டாமென்று விலக்கப்பட்ட பின்னரே இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இஃது அறிவு வளர்ச்சிக்கு உரியது என்றனர் விஞ்ஞானிகள். மலைக்கும் நீருக்கும் கேடு நேரும் என்று கிராமத்தார் அஞ்சினர். வைகோ மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குத் தொடுத்தார். பூவுலகின் நண்பர்கள் என்னும் அமைப்புப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகிற்று. 2017 மார்ச்சில் சுற்றுச்சூழல் இசைவு நிறுத்தப்பட்டது. 2018-இல் மறுபடியும் இசைவு வந்தது. மதிகெட்டான் சோலைக் காடு அண்மையில் இருத்தலின் வனவிலங்கு வாரியத்தின் இசைவும் வேண்டுமென்று தீர்ப்பாயம் அவ்வாண்டே கூறிற்று. 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு இத்திட்டத்துக்கு அனுமதி அளிக்க இயலாதென்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. முன்னர் நிலம் ஒதுக்கியதும் மாநில அரசே, பின்னர் மறுத்ததும் மாநில அரசே. இடையில் ஆளும் கட்சி மாறிற்று, அதனினும் முக்கியமாக ஊரார் வாய் திறந்தனர். இத்திட்டம் நன்றா தீதா என்று தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. புதுடெல்லியில் முடிவான ஒரு காரியத்தைப் பொட்டிபுரத்தின் குரல் நிறுத்திவைக்கக்கூடும் என்பதே நாம் அறியவேண்டுவது.

இவ்வரலாற்றினின்று நம் சங்கத்தார் கொள்ளவேண்டிய முடிபுகள் மூன்று. முதலாவது, சங்கம் கட்சிக்கு நண்பனாகலாம், அடிமையாதல் கூடாது. எவருக்கு வாக்கு என்பது முன்கூட்டியே முடிந்துவிட்ட வீட்டுக்கு எவரும் விலை பேச வரமாட்டார். தமிழ்நாடு காங்கிரஸின் எட்டுப்பேர் மந்திரிசபையை ஆக்கியும் அழித்தும் காட்டியது, அவர்கள் எவருக்கும் எழுதிக்கொடுத்தவர் அல்லராதலின். இரண்டாவது, தன் குலத்தின் வாசலோடு நின்ற சங்கம் சலுகை பெறலாம். சட்டத்தை மாற்றவேண்டுமாயின் அயலாரின் வாசலுக்கும் செல்லவேண்டும். நிவர்த்தனக் கிளர்ச்சியும் குமரி எல்லைப் போராட்டமும் இதற்குச் சான்று. மூன்றாவது, ஏடுகளே சங்கத்தின் படைக்கலம். ஊர்க்கணக்கு, நிலப்பட்டா, பிறப்பு இறப்புப் பதிவு, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றைச் செம்மையாக வைத்திராத கூட்டம், எத்துணைப் பெரிதாயினும் தீர்ப்பு நாளில் வந்து போகும் கூட்டமாகவே எண்ணப்படும்.

இன்றும் விடியுமுன் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்கள் பறிக்கும் காய் போடியிலும் புற்றடியிலும் ஏலத்தில் விலை பேசப்படுகிறது. விளைவிப்போருக்குச் சங்கம் உண்டு, விற்போருக்குச் சங்கம் உண்டு. இரு இராச்சியங்களுக்கிடையே காலையும் மாலையும் அலையும் அக்கூலிப் பெண்ணின் வழக்கை எவர் எழுதிவைக்கிறார்? அவளது பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? நம் குலத்தவளா, பிற குலத்தவளா என்று பாராது, ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் ஊரிலிருந்து மலையேறுவோரின் பெயர், வேலை செய்யும் தோட்டம், பெறும் கூலி, விபத்து நேர்ந்தால் கிடைத்த உதவி ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதத் தொடங்குமாயின், 1955-இல் எவரும் எடுத்துக் காட்ட இயலாத சான்று ஒன்று நம்மிடம் இருக்கும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. அழுகையோடு கணக்கும் சேர்ந்தாலன்றி இக்காலத்து அரசாங்கம் செவி சாய்க்காது. ஆதலின், அன்பர்களே, அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது தீர்மானத்தோடு பதிவேட்டையும் கொண்டுவருக.